முகம் காணா வசை

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் தோற்றத்தால் புதியது. வேரால் மிகப் பழையது. முன்பின் அறியாத ஒருவரை, அவர் யாதொரு தீங்கும் செய்யாதிருக்கவும், இணையத்தின் வழியே இழித்தும் பழித்தும் எழுதி, அவர் உள்ளம் புண்படுவதைத் தொலைவிலிருந்து சுவைத்து மகிழும் கூட்டம் ஒன்று உலகெங்கும் பெருகியுள்ளது. ஆங்கிலத்தில் இத்தகையோரை 'டிரோல்' என்று அழைக்கின்றனர். அச்சொல்லுக்கு இருவேறு பின்புலங்கள் உண்டு. ஓடுகின்ற படகின் பின்னே தூண்டிற் கயிற்றை இழுபட விட்டு மீன் பிடிக்கும் முறைக்கு அம்மொழியில் இப்பெயர் வழங்குகின்றது. ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளில் மலைக்குகைகளில் மறைந்து வாழும் பூதத்திற்கும் இதுவே பெயர். 1990களின் தொடக்கத்தில் 'யூஸ்நெட்' என்னும் கணினி வழி உரையாடற் களங்களில், புதிதாக வருவோரை வம்புக்கு இழுக்கும் செயலை இச்சொல்லாற் குறித்தனர். அப்போது தூண்டிற் பொருளே முன்னின்றது. பின்னர்ப் பூதமும் அதனுள் வந்து புகுந்துகொண்டது. இரண்டும் பொருந்துவனவே. சொல்லை இரையாகக் கோத்து எறிந்துவிட்டு, யார் சிக்குவார் என்று காத்திருப்பவன் தூண்டிற்காரன். இருளில் ஒளிந்திருந்து வழிச்செல்வோர் மீது பாய்பவன் பூதம்.

நம் இளைஞர் இதனைக் 'கலாய்த்தல்' என்பர். அது கொச்சை என்று முகஞ்சுளிப்பாரும் உளர். கலாம் என்பது பூசலைக் குறிக்கும் பழஞ்சொல். கலாய்த்தல் என்பதற்குச் சினத்தல், பூசலிடுதல் என்று அகராதி பொருள் கூறும். ஆகவே சொல்லின் மீது குற்றமில்லை. செயலைப் பற்றியே பேசுதல் வேண்டும்.

வசை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் அதனை அங்கதம் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டு, வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் என்றும், பழியை மறைத்துக் கூறுவதைப் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பகுத்தது. காளமேகப் புலவர் வசை பாடுவதிலேயே பெயர் பெற்றவர். ஆனால் அவரைப் பற்றி வழங்கும் செய்திகளில் எல்லாம் அவர் அவை நடுவே நிற்கின்றார். தம் முகத்தைக் காட்டுகின்றார். எதிரே இருப்பவர் மறுமொழி கூறுதற்கு இடம் இருக்கின்றது. பழிகரப்பில் மறைவது பழி; பழிப்பவன் அல்லன். இணையத்திலோ பழி வெட்டவெளியில் கிடக்கின்றது, பழித்தவனே மறைந்துகொள்கின்றான். இவ்வேறுபாட்டை உளத்திற்கொண்டு மேலே செல்லுவோம்.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பண்டைய கிரேக்க உரோம இலக்கியமும் வரலாறும் கற்பித்தவர் மேரி பியர்டு அம்மையார். 1955ஆம் ஆண்டு பிறந்தவர். எரிமலைச் சாம்பலில் கி.பி. 79ஆம் ஆண்டில் புதையுண்ட பாம்பெய் நகரத்து வாழ்வைப் பற்றி 2008ஆம் ஆண்டில் நூல் எழுதியவர். நரைத்த நீண்ட கூந்தலை மையிட்டு மறைக்காமல் தொலைக்காட்சியில் தோன்றி உரோம வரலாற்றை எளிய மக்களுக்கும் எடுத்துரைத்தவர். பிழைப்புக்காக அன்றி விருப்பத்திற்காகப் பழநூல் கற்றவர் என்று அவருடைய எழுத்தைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

2013ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பி.பி.சி. தொலைக்காட்சி நடத்தும் வினா விடை அரங்கு ஒன்று லிங்கன் நகரில் நிகழ்ந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளினின்றும் வந்து குடியேறுவோரால் அப்பகுதிக்கு நன்மையா தீமையா என்பது பற்றி வினா எழுந்தது. குடியேறுவோரால் நன்மையும் உண்டு என்னும் கருத்தை அம்மையார் எடுத்துரைத்தார். அவையிலிருந்த ஒருவர் எழுந்து மறுத்தார். அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தன. கருத்தை மறுப்பது அவைக்கு அழகு. ஆனால் அரங்கு முடிந்தபின் இணையத்தில் எழுந்த கூச்சலில் குடியேற்றத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அம்மையாரின் கூந்தல், பல், அகவை, பெண்மை ஆகியவற்றைப் பற்றி, இவ்வவையில் வாய்விட்டுச் சொல்லத் தகாத சொற்களால் எழுதினர். அவருடைய முகத்தை அருவருப்பான படத்தோடு ஒட்டி வெளியிட்டனர்.

பழிக்கப்பட்டவர் யாது செய்வார்? பெரும்பாலோர் வாய்மூடி அழுவர். அம்மையார் அப்படத்தைத் தாமே எடுத்துத் தம் இணையப் பக்கத்தில் வெளியிட்டு, 'எனக்கு நிகழ்ந்தது இது; எல்லாரும் பாருங்கள்' என்னுமாறு செய்தார். அத்துடன், தம்மை விரும்புவோர் வசை எழுதப்படும் அவ்விடத்தை இலத்தீன் மொழிக் கவிதைகளால் நிரப்பலாம் என்றும் நகைச்சுவையோடு யோசனை கூறினார். செய்தி நாடு கடந்து பரவியது; வசை வெளிவந்த களத்தையே அதனை நடத்தியோர் மூடிவிட்டனர். பழம்பாடலைப் படைக்கலமாகக் கொள்ளலாம் என்று எண்ணிய அப்புலமை உள்ளத்தைத் தமிழ்ப் புலவரும் போற்றாதிரார்.

அவ்வாண்டே சூலைத் திங்களில் இதனினும் கொடியது நிகழ்ந்தது. இங்கிலாந்து வங்கியின் தாள்பணத்தில், அரசியாரைத் தவிர வேறு பெண் ஒருவரின் உருவமும் இல்லாமற் போகும் நிலை வந்தது. அதனை எதிர்த்துக் கரோலின் கிரியாடோ பெரெஸ் என்னும் பெண்மணி இயக்கம் நடத்தினார். அதன் பயனாக, 10 பவுண்டு தாளில் புதின ஆசிரியை ஜேன் ஆஸ்டினின் உருவம் இடம்பெறும் என்று வங்கி அறிவித்தது. ஒரு நூலாசிரியையின் முகத்தைத் தாள்பணத்தில் அச்சிட வேண்டியதற்காக எவரேனும் சினங்கொள்வரோ? கொண்டனர். டுவிட்டர் என்று அப்போது பெயர் பெற்றிருந்த தளத்தில், மணிக்கு ஐம்பது என்னும் அளவில் கொலை மிரட்டலும் அதனினும் இழிந்த மிரட்டலும் அவர்மீது பொழிந்தன. அடுத்த திங்களில் பியர்டு அம்மையாருக்கும் வெடிகுண்டு மிரட்டல் வந்தது.

காவல்துறை தேடியது. மிரட்டியவருள் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014 சனவரியில் சிறை புகுந்தனர். ஒருவருக்கு 12 வாரம், மற்றவருக்கு 8 வாரம். பூதம் என்று எண்ணியிருந்தவர்களை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தபோது உலகம் வியந்தது. ஒருவர் 23 அகவை இளம்பெண். ஒரு பெண்ணைப் பெண்ணே மிரட்டியிருந்தார்; மது மயக்கத்தில் எழுதியதாகக் கூறினார். மற்றவர் 25 அகவை இளைஞர். நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் என்று அவர் பொருட்டு வழக்காடியவர் எடுத்துரைத்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். அப்பெண்மணிக்கும் இவர்க்கும் பகையில்லை, உறவில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை.

அங்ஙனமாயின் இவர் ஏன் எழுதினர்? இவ்வினாவே இவ்வுரையின் உயிர்நிலை.

அமெரிக்க உளநூலறிஞர் ஜான் சூலர் என்பார் 2004ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மனிதன் பிறர் முன்னிலையில் தன்னைத் தானே தடுத்துக்கொள்கின்றான். அத்தடை இணையத்தில் அவிழ்ந்துவிடுகின்றது. அதற்கு ஆறு காரணம் கூறினார் அவர். ஆறனையும் ஈண்டு விரிப்பின் பெருகும். பெயர் மறைவது ஒன்று. உருவம் மறைவது ஒன்று. சொல் சென்று தைக்கும் பொழுதும், அதன் விளைவு திரும்பி வரும் பொழுதும் வேறுபடுவது மற்றொன்று. நேரில் ஒருவரை வைதால் அக்கணமே அவர் முகம் சுருங்குவதைக் காண வேண்டும். இணையத்தில் வைதவன் கணினியை அணைத்துவிட்டு உணவு உண்ணச் செல்லலாம். கல்லெறிந்துவிட்டு, கண்ணாடி உடையும் ஓசை கேட்கும் முன்னரே தெருமுனை திரும்பியவனைப் போன்றவன் அவன். மற்றோர் உண்மையையும் சூலர் மறைக்கவில்லை. இதே தடையவிழ்ப்பினால் சிலர் நேரிற் சொல்லக் கூசும் துயரத்தை முன்பின் அறியாதாரிடம் சொல்லி ஆறுதல் பெறுவதும் உண்டு.

இவற்றுள் எது முதன்மையானது? பெயர் மறைவே என்றுதான் எவரும் கூறுவர். இசுரேல் நாட்டு ஹைஃபா பல்கலைக்கழகத்தில் லாபிடோட் லெஃப்லர், பராக் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். முடிவு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 142 பேரை இருவர் இருவராக்கி, கணினி வழியே ஒரு சிக்கலைப் பற்றி வாதிடச் செய்தனர். சிலருக்கு எதிராளியின் பெயரும் செய்தியும் தெரியும், சிலருக்குத் தெரியா. சிலர் எதிராளியின் உருவத்தைப் பக்கவாட்டில் மட்டும் கண்டனர். சிலர் மட்டும், கண்ணுக்கு நேரே வைத்த படக்கருவி வழியே, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியவாறு வாதிட்டனர். வசையும் மிரட்டலும் மிகுவதற்குப் பெருங்காரணமாக நின்றது பெயர் தெரியாமை அன்று. உருவம் தெரியாமையும் அன்று. கண்ணும் கண்ணும் நோக்காமையே என்று கண்டனர்.

இம்முடிவைக் கேட்ட தமிழறிந்தார் சற்றே நிமிர்ந்து உட்காருவர். திருக்குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர் யாது? கண்ணோட்டம். பழகியவர்மாட்டும் துன்புற்றார்மாட்டும் உள்ளம் நெகிழ்வதற்குத் தமிழர் இட்ட பெயர் அது. நெஞ்சோட்டம் என்று பெயரிடவில்லை. அறிவோட்டம் என்று பெயரிடவில்லை. கண் ஒருவர்மீது ஓடிச் சென்று படிந்தால்தான் இரக்கம் பிறக்கும் என்பதை அச்சொல்லே தன்னுள் வைத்திருக்கின்றது. ஆராய்ச்சி செய்து சொல் ஆக்கினார் அல்லர். வாழ்ந்து பார்த்துச் சொல் ஆக்கினார். தாயை வைய வாய் திறந்த மகன், தாயின் கண்ணைக் கண்டதும் சொல்லை விழுங்கிவிடுவதை வீடுதோறும் காணலாம். கணினித் திரைக்குக் கண் இல்லை. விழுங்கப்பட வேண்டிய சொற்கள் எல்லாம் ஆங்கே கொட்டப்படுகின்றன.

ஆயினும் திரைக்கு முன் அமர்ந்தோர் எல்லாரும் வசை எழுதுவதில்லையே என்னும் தடை எழும். தக்க தடையே. கனடா நாட்டு ஆய்வாளர் பக்கெல்ஸ், டிராப்னெல், பால்ஹஸ் என்னும் மூவர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் கருத்துரைப்போரைப் பார்த்து, 'நுமக்கு மிக விருப்பமான செயல் யாது?' என்று வினவினர். பிறரைச் சீண்டுவதே என்று விடையிறுத்தோர் நூற்றுக்கு 5.6 பேர். அவர்தம் இயல்பை அளந்து பார்த்தபோது, பிறர் துன்பத்தில் இன்பம் காணும் குணமே மற்றெல்லாக் குணங்களினும் மிகுதியாகச் சீண்டலோடு பிணைந்து நின்றது. ஈயின் சிறகைப் பிய்த்து மகிழும் சிறுவனின் குணம் அது. அகவை முதிர்ந்தும் உதிராமல் நின்றுவிட்டது.

இத்தோடு நின்றால் எல்லாருக்கும் நிம்மதி. தீயோர் நூற்றுக்கு ஆறு பேர். ஏனைய தொண்ணூற்று நால்வரும் நல்லோர். நாம் அந்நால்வருள் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பலாம். அவ்வாறு திரும்ப விடாத ஆய்வு ஒன்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் செய்தது. 667 பேரை அழைத்தனர். சிலருக்கு எளிய வினாத்தாள். சிலருக்கு விடையளிக்க இயலாத கடிய வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் குறைவு என்றும் கூறி எரிச்சலூட்டினர். பின்னர் ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்தெழுதச் சொன்னார்கள். சிலர் கண்ணுக்கு முதலிற்பட்ட மூன்று கருத்துகள் பண்பானவை. சிலர் கண்ணுக்குப் பட்டவை வசைமொழிகள். மனமும் நன்றாயிருந்து முன்னே கண்ட சொல்லும் நன்றாயிருந்தவருள் நூற்றுக்கு 35 பேர் வரம்பு மீறி எழுதினர். எரிச்சலும் சேர்ந்து, முன்னே வசையும் கிடந்தபோது அத்தொகை 68 ஆயிற்று. அதே ஆய்வாளர், சி.என்.என். செய்தித் தளத்தில் வந்த 1 கோடியே 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்துரைகளையும் ஆராய்ந்தனர். நள்ளிரவை ஒட்டியும், வாரத் தொடக்கத்திலும் தீச்சொல் மிகுவதைக் கண்டனர்.

உறக்கம் கெட்ட இரவும், அலுவலகம் தொடங்கும் திங்கட்கிழமையும் எவருக்குத்தான் இல்லை? கதவு திறந்த வீட்டில் ஒருவர் குப்பையைக் கொட்டினால், அடுத்து வருவோர் தயக்கமின்றிக் கொட்டுவர். முதலில் கொட்டியவர் வேண்டுமாயின் நூற்றுக்கு ஆறு பேருள் ஒருவராக இருக்கலாம். குவியலை மலையாக்கியவர் அயலார் அல்லர்.

இவ்விடத்தில் ஒருசார் இளைஞர், 'பெயர் மறைத்து எழுதுவதையே தடை செய்துவிட்டால் என்ன?' என்பர். அவசரப்படலாகாது. உரோம் நகரத்தில் பாஸ்குவினோ என்று ஒரு பழைய கற்சிலை உண்டு. சிதைந்து மூக்கும் கையும் இழந்தது. 1501ஆம் ஆண்டில் அதனை இப்போதுள்ள இடத்தில் நிறுவினர். அன்று முதல் நகரத்தார் இரவோடு இரவாக அதன்மீது அங்கதப் பாடல்களை ஒட்டிச் சென்றனர்; பெயர் இடுவதில்லை. ஆட்சியிலிருந்தோரின் ஊழலை இடித்துரைக்க எளியவர்க்கு வேறு வாயில் இருந்ததில்லை. 1522 முதல் 1523 வரை ஆண்ட ஆறாம் ஏட்ரியன் என்னும் போப்பாண்டவர் சினந்து, சிலையை டைபர் ஆற்றில் எறியுமாறு கூறினார் என்றும், எறிந்தால் அது தவளையாகி இன்னும் உரக்கக் கத்தும் என்று அருகிலிருந்தோர் தடுத்தனர் என்றும் கதை வழங்குகின்றது. சிலை இன்றும் நிற்கின்றது. வலியோனை அஞ்சி மெலியோன் முகம் மறைப்பது ஒன்று. திருப்பித் தாக்க இயலாத ஒருவரைத் தாக்குதற்கு முகம் மறைப்பது மற்றொன்று. இரண்டும் இருளில் நிகழ்வதால் ஒன்றாகிவிடா.

இனி, வசைக்கு ஆளானோர் யாது செய்வது? 'பூதத்திற்கு இரை போடாதே' என்பது இணையத்தில் வழங்கும் அறிவுரை. மறுமொழி கூறாது விட்டால் தானே ஓய்ந்துவிடும் என்பது கருத்து. சீண்டுவோன் வேண்டுவது எதிராளியின் கண்ணீரும் சினமுமே ஆதலின் அதில் உண்மை உண்டு. ஆனால் பியர்டு அம்மையார் அதனை முழுதும் ஏற்கவில்லை. 2014 பிப்ரவரியில் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவர் ஆற்றிய உரை, ஓமரின் ஒடிசியிலிருந்து தொடங்கியது. கணவன் வரவை நோக்கிக் காத்திருக்கும் பெனலோப், மாடத்திலிருந்து இறங்கி வந்து, துயரப் பாட்டை நிறுத்தி வேறு பாடுமாறு பாணனைக் கேட்கின்றாள். அவள் பெற்ற மகன் டெலிமாக்கஸ், இளம் பருவத்தினன், பேச்சு ஆடவர்க்கு உரியது, நீ தறிக்குத் திரும்பு என்கின்றான். மேலை இலக்கியத்தின் தொடக்கத்திலேயே இவ்வாய்மூடல் இருக்கின்றது. இன்று டுவிட்டரில் எழுதுவோன் புதிதாக எதனையும் கண்டுபிடிக்கவில்லை என்றார். பழிக்கப்பட்டவரே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், பழித்தவன் வேண்டியது அதுவன்றோ என்பது அவர் எழுப்பிய வினா.

ஆகவே அவர் மறுமொழி எழுதினார். திட்டி எழுதவில்லை, அமைதியாகக் காரணம் கேட்டு எழுதினார். எதிர்ப்புறத்தில் மனிதன் இருக்கின்றானா என்று தட்டிப் பார்ப்பது போன்றது அது. பல வேளைகளில் மனிதன் இருந்தான். தம்மை வைதுகொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, அவர் ஸ்பெயின் நாட்டிற்குக் குடிபெயர விரும்பியவர் என்பதும், அதற்கான நடைமுறைகளை அறியாமல் மனம் வெதும்பியிருந்தார் என்பதும் தெரியவந்தன. இரு நாட்டிற்கும் இடையே மருத்துவ உடன்பாடு இருப்பதை அம்மையார் இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்து அனுப்பினார். அதன்பின், இணையத்தில் அம்மையார்மீது வசை எழும்போதெல்லாம், 'நலமாக இருக்கின்றீர்களா?' என்று கேட்டு அம்மனிதரிடமிருந்து மடல் வரலாயிற்று.

எல்லாரும் இங்ஙனம் மாறுவர் என்று எவரும் உறுதி கூற இயலாது. நூற்றுக்கு 5.6 என்று கணக்கிடப்பட்டவர்பால் இம்முறை பலிக்குமோ என்பது ஐயமே. வெடிகுண்டு மிரட்டலுக்குக் காவல்துறையே மருந்து. அதிலும் அம்மையார் தயங்கவில்லை, புகார் கொடுத்தார்.

மற்றொன்று உண்டு. 2013 சூலைத் திங்களில் இருபது அகவைக் கல்லூரி மாணவர் ஒருவர் அம்மையாருக்கு மிக இழிவான ஒரு வரியை எழுதி அனுப்பினார். அம்மையார் அதனை மறைக்காமல் தம்மைத் தொடரும் பல்லாயிரவர் காணுமாறு அப்படியே மறுபதிவு செய்தார். அந்த இளைஞரின் தாயார் இருக்கும் முகவரி தமக்குத் தெரியும், வேண்டுமாயின் தருவதாக ஒருவர் முன்வந்தார். அவ்வளவுதான். காவலருக்கும் வழக்கிற்கும் அஞ்சாத இளைஞர், தாய் படிப்பாள் என்றதும் நடுங்கினார். உடனே எல்லாரும் அறிய மன்னிப்புக் கேட்டார். அவர் நினைவில் அப்போது எழுந்தது எவருடைய கண் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் அவ்விளைஞர் கேம்பிரிட்ஜுக்கு நேரில் வந்து, அம்மையாரை உணவுக்கு அழைத்துச் சென்று, எதிரே அமர்ந்து மன்னிப்பு வேண்டினார். ஆனால் இணையம் மன்னிக்கவில்லை. அவர் பெயரைத் தேடினால் அவ்விழிந்த வரியே முதலில் வந்து நின்றது. வேலை தேடிச் செல்லும் இடமெல்லாம் அது அவருக்கு முன்னே சென்று காத்திருக்கும் என்பதை அம்மையார் உணர்ந்தார். அறிவின்றி எழுதிய ஒரு வரியினால் ஓர் இளைஞரின் பிழைப்பே அழிந்துவிடலாகாது என்று கருதினார். அவரோடு தொடர்பு விடாமல் இருந்து, அவர் வேலைக்கு விண்ணப்பித்தபோது நற்சான்று மடல்களைத் தாமே எழுதிக் கொடுத்தார்.